ஒரு விரல் சுண்ணாம்பு: திசையன்விளைச் சாலையோரப் பதநீர்க் கடை

திருநெல்வேலி மாவட்டத்துத் திசையன்விளையிலிருந்து உவரிக்குப் போகும் சாலையில், தேரி எனப்படும் செம்மணல் மேடு தலைகாட்டும் இடத்தில், ஓர் உடைமரத்து நிழலை ஒட்டி மாசி மாதம் முளைத்து ஆடியோடு மறைந்துவிடும் பதநீர்க் கடை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. நான்கு கம்பு நட்டு, மேலே பனையோலை வேய்ந்து, பழைய அட்டை ஒன்றில் 'பதநீர், நுங்கு' என்று நீல மையால் எழுதித் தொங்கவிட்டிருப்பதே அடையாளம். கணவர் பனையேறுகிறார், மனைவி கடையைப் பார்த்துக்கொள்கிறார். இந்தக் கடையைப் பற்றி எழுதும்போது குற்றம் என்பது எப்படி உண்டாகிறது என்ற பேச்சையும் தொட்டே ஆகவேண்டியிருக்கிறது. ஏனென்றால் இங்கே பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றித் தரும் இந்தப் பானம், கலயத்தின் உட்புறத்தில் தடவிய சுண்ணாம்பினால் மட்டுமே விற்பனைப் பண்டமாக இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு இல்லையென்றால், அதே மரத்தின் அதே பாளையிலிருந்து அதே இரவில் வடிந்த அதே சாறு கள்ளாகிவிடும். அதை இறக்கியவர், வைத்திருந்தவர், விற்றவர், வாங்கிக் குடித்தவர் எல்லாருமே தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் முன் குற்றவாளிகள்.

முதலில் பண்டத்தைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு முன்னால் போனால் கலயங்கள் மரத்திலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கும். பனையின் பன்னாடையையே வடிகட்டியாக வைத்து, ஒவ்வொரு கலயத்தையும் மெல்லச் சாய்த்து எவர்சில்வர் குடத்துக்கு மாற்றுகிறார் அந்த அம்மா. அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் சுண்ணாம்பு வண்டல் கலங்காமல், மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றி, கடைசி இரண்டு மடக்கை மண்ணில் கொட்டிவிடும் அந்தக் கைப்பக்குவத்தைப் பார்ப்பதற்காகவே சற்று நேரம் நிற்கலாம். சிக்கனம் கருதி அந்த இரண்டு மடக்கையும் சேர்த்து ஊற்றும் கடைகளில்தான் நாக்கு நுனி வெந்ததுபோல ஆகிறது. இங்கே அந்தத் தொல்லை இல்லை. இனிப்பு கரும்புச்சாற்றைப்போல முகத்தில் அடிப்பதில்லை. முதல் மிடறில் ஓலை வாசம், நடுவே இனிப்பு, விழுங்கிய பிறகு தொண்டையில் சுண்ணாம்பின் மெல்லிய காரம் என்று வரிசையாக வருகிறது. புளிப்பு மாங்காயைக் கீறிப் போட்டுத் தரச் சொன்னால் தருகிறார். நுங்கைக் கட்டைவிரலால் நோண்டிப் பட்டையிலேயே போட்டுக் குடிப்பவர்கள் உண்டு. எனக்கு நுங்கு தனியாகவும் பதநீர் தனியாகவும் இருப்பதே பிடிக்கும்.

ஒரு நாள் காரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பட்டது. "சுண்ணாம்பு இன்னைக்குக் கொஞ்சம் தூக்கலா இருக்குல்லா அக்கா?" என்று கேட்டேன். "நேத்து வெக்கை சாஸ்தி தம்பி. கொறச்சுத் தடவுனா விடியதுக்குள்ள பொங்கிரும்லா. அப்புறம் அவுக மரத்துல நிக்க மாட்டாக, ஸ்டேசன்லதான் நிக்கணும்" என்று சிரித்தபடியே சொல்லிவிட்டு அடுத்தவருக்குப் பட்டை மடிக்கத் தொடங்கினார்.

அந்தப் பதிலில் அறிவியலும் சட்டமும் சேர்ந்தே இருக்கின்றன. பனஞ்சாற்றில் பத்து விழுக்காட்டுக்கு மேல் சர்க்கரை உண்டு. காற்றிலும் கலயத்திலும் பாளையின் வெட்டுவாயிலும் இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று சில மணி நேரத்திலேயே சாராயச் சத்தாக மாற்றத் தொடங்கிவிடும். வெப்பம் கூடினால் வேகமும் கூடும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மை உடையதாக்கி அவற்றின் வேலையைத் தடுத்துவிடுகிறது. அரசு செய்ய நினைத்த காவல் வேலையை அரசின் ஆள் எவரும் ஏற முடியாத உயரத்தில், இடுப்பில் தொங்கும் சுண்ணாம்புப் பெட்டியிலிருந்து விரலால் தொட்டு எடுத்து, பனையேறியே தன் கையால் செய்துகொள்கிறார். குற்றத்தைக் கட்டுப்படுத்தச் சமூகங்கள் கண்டுபிடித்த வழிகளிலேயே இவ்வளவு மலிவான, இவ்வளவு சந்தடியற்ற வழி வேறொன்று இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

குற்றங்களில் இருவகை உண்டு என்பது சட்டம் படித்தவர்களின் பழைய பாடம். கொலை, களவு, பொய்ச்சாட்சி போன்றவை எந்த அரசு எழுதி வைத்தாலும் வைக்காவிட்டாலும் தீயவை என்று ஏறக்குறைய எல்லாச் சமூகங்களும் ஏற்றுக்கொண்டவை. மற்றொரு வகை, அரசு தடுத்த நாளிலிருந்து குற்றமாகி, தடையை விலக்கிய நாளில் குற்றமில்லாமல் போய்விடுபவை. வள்ளுவரே களவு கூடாது என்று சொல்லும் கள்ளாமையை அறத்துப்பாலில் வைத்து, கள் கூடாது என்று சொல்லும் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்தார் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கண்டிப்பில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆனால் இடம் வேறு.

கள் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதற்கு அதன் நூற்றாண்டு வரலாறே சாட்சி. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மது வரி) சட்டத்தின் காலத்தில் கள் இறக்குவது குற்றமன்று. உரிமமும் வரியும் இல்லாமல் இறக்குவதே குற்றம். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி வைத்தது. ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் முதல்வராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2 அன்று அது மாகாணம் முழுவதற்குமாக விரிந்தது. 1971இல் தடை விலகியது. 1974இல் திரும்பியது. 1981இல் கள்ளுக்கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்ட கடைகள் இன்றுவரை திறக்கப்படவில்லை. 1925இல் பிறந்த ஒரு பனையேறியை நினைத்துப் பாருங்கள். இருபத்து மூன்று வயதுக்குள் அவர் தொழில் குற்றமாகிறது, நாற்பத்தாறில் தொழிலாகிறது, நாற்பத்தொன்பதில் குற்றம், ஐம்பத்தாறில் தொழில், அறுபதைத் தாண்டியபின் மீண்டும் குற்றம். இத்தனைக்கும் அவர் காலில் மாட்டிய தளைநாரோ, பாளையைச் சீவிய அரிவாளோ, சீவிய முறையோ ஒருநாளும் மாறவில்லை.

காலம் மட்டுமன்று, இடமும் இப்படித்தான். செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவு தாண்டினால், அந்தப் பக்கம் கேரளத்தில் உரிமம் பெற்ற கள்ளுக்கடைகள் வெளிப்படையாக நடக்கின்றன. மதுவைப் பற்றிய சட்டம் இயற்றும் உரிமையை அரசமைப்பு மாநிலப் பட்டியலில் வைத்திருப்பதால், மொழியை அளவுகோலாகக் கொண்டு 1956இல் வரைந்த எல்லைக்கோடு, கள்ளைப் பொறுத்தவரை குற்றத்தின் எல்லைக்கோடாகவும் ஆகிவிட்டது.

பனங்கள்ளில் சாராயச் சத்து பொதுவாக ஐந்து விழுக்காட்டை ஒட்டி இருக்கும். அரசின் டாஸ்மாக் கடையில் வாங்கும் பிராந்திப் புட்டியில் 42.8 விழுக்காடு என்று அச்சிட்டே இருக்கிறது. இருபத்தொரு வயது நிறைந்த எவரும் காசு கொடுத்து அதை வாங்கலாம். இதைச் சொன்னவுடன் கள்ளுக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். நான் கள் குடிப்பவன் அல்லன். கள்ளுக்கடை இருந்த காலத்தில் கூலி முழுவதையும் அங்கே வைத்துவிட்டு வந்த ஆண்களின் வீடுகளில் அடுப்பு எரியாமல் போன கதைகளைக் கேட்டு வளர்ந்தவன். கள்ளில் போதை கூட்டுவதற்காக மாத்திரைகளையும் வேதிப்பொருள்களையும் கலக்கிறார்கள் என்ற காரணமும் வெறுங்கற்பனை அன்று. ஆனால் தீமையின் அளவே குற்றத்தைத் தீர்மானிக்கிறது என்றால் புட்டிதான் முதலில் குற்றமாகியிருக்க வேண்டும், அப்படி ஆகவில்லை.

எனக்குத் தோன்றும் விடை இது. புட்டியை எண்ணலாம். ஆலையில் எத்தனை புட்டி நிரம்பின, கிடங்குக்கு எத்தனை வந்தன, கடையில் எத்தனை விற்றன என்று ஒவ்வொரு படியிலும் கணக்கு எழுதலாம், முத்திரை ஒட்டலாம், வரி விதிக்கலாம். 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கப்பட்டு, 2003 நவம்பர் முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்ட டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 2023-24ஆம் நிதியாண்டில் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. தேரிக்காட்டில் ஆங்காங்கே நிற்கும் பனைகளின் உச்சியில், ஒவ்வொரு பாளையிலும் தொங்கும் கலயத்தில் இன்று எவ்வளவு வடிந்தது, அதில் எவ்வளவு புளித்தது என்று எந்த அதிகாரியும் எண்ண முடியாது. அரசுகள் தீமைக்கு அஞ்சுவதைவிடக் கணக்கில் வராததற்கு அதிகம் அஞ்சுகின்றன. கணக்கில் கொண்டுவர முடியாததைக் குற்றம் என்று எழுதிவிடுவது அவற்றுக்கு எளிதாக இருக்கிறது. ஆப்காரிச் சட்டம் இதை மறைக்காமல் செய்தது. பின்னால் வந்த சட்டங்கள் ஒழுக்கத்தின் பெயரால் செய்கின்றன. அரசமைப்பின் 47ஆவது பிரிவு மதுவை விலக்க முயலவேண்டும் என்று அரசுக்குச் சொல்வது உண்மைதான்; ஆனால் அந்தப் பிரிவு கலயத்துக்கும் புட்டிக்கும் வேறுபாடு காட்டவில்லை.

இந்த ஏற்பாட்டின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்பது இந்தக் கடை வாசலில் நின்றால் தெரியும். கள்ளா பதநீரா என்ற முதல் தீர்ப்பு ஆய்வகத்தில் நடப்பதில்லை. சோதிக்க வருபவரின் மூக்கில் நடக்கிறது. ஆகவே பனையேறி சுண்ணாம்பைத் தேவைக்குச் சற்று மேலாகவே தடவுகிறார். சட்டத்துக்கு அஞ்சிக் கூட்டிய அந்த ஒரு விரல் சுண்ணாம்பு பதநீரின் சுவையைக் குறைக்கிறது. கருப்பட்டி காய்ச்சும்போதும் கூடுதல் சுண்ணாம்பு கேடுதான். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர், கருப்பட்டி காய்ச்சும் குடிசையாகிய விடிலியில் கொப்பரைக்கு முன்னால் அமர்ந்து பாகு பதம் பார்க்கும் பெண்களின் பாடு இந்தச் சுண்ணாம்பின் அளவைப் பொறுத்தே இருக்கிறது என்பதை அறிவார்கள்?

இனி, பனையேறிகள் தங்களுக்குள் எதைக் குற்றமாகக் கருதுகிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கடைக்காரர் மரத்திலிருந்து இறங்கி, நெஞ்சுத்தோலைக் கழற்றி வைத்துவிட்டு ஓய்ந்திருக்கும் நேரத்தில் பேச்சுக்கொடுத்தபோது, அவருக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு விஷயத்தில்தான். இரவில் எவனோ மரமேறிக் கலயத்தைக் குடித்துவிட்டுப் போவதும், போகிற போக்கில் பாளையை ஒடித்துவிடுவதும்தான் அது. பாளையை நாள்தோறும் சீவிப் பக்குவப்படுத்திச் சொட்ட வைப்பதற்குப் பல நாள் உழைப்பு வேண்டும். ஒடிந்தால் அந்தப் பருவத்துக்கு அந்தப் பாளை போனதுதான். காவல் நிலையத்துக்குப் போவாரா என்றால் போகமாட்டார். ஊரில் பெரியவர்கள் நாலு பேரிடம் சொல்வார். செய்தவன் யாரென்று தெரிந்துவிடும். நட்டத்தைக் கொடுத்துவிட்டுத் தலைகுனிந்து போவான். இந்தச் சீமையில் பாளையக்காரர் காலத்தில் இருந்த காவல் முறையின் சாயல் இதில் இருக்கிறது. ஊரைக் காப்பதாக ஏற்றுக் காவல்கூலி வாங்கியவர், களவு போனால் களவுப் பொருளை மீட்டுத் தரவேண்டும், இல்லையேல் ஈடு கட்டவேண்டும் என்பது அதன் அடிப்படை. அந்த முறையில் மிரட்டலும் கொள்ளையும் இருந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் பறிகொடுத்தவனுக்குப் பொருள் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அதன் நடுவில் இருந்தது. இன்றைய முறையில் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கலாம், அரசுக்கு அபராதம் போகலாம். ஒடிந்த பாளைக்கு யாரும் காசு தருவதில்லை.

கலப்படத்துக்கு வருவோம். நான்குவழிச் சாலை ஒன்றில், பனைமரமே கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து மாலை நான்கு மணிக்கு விற்றுக்கொண்டிருந்த 'பதநீர்' ஒன்றைக் குடித்திருக்கிறேன். சாக்கரின் கலந்த தண்ணீரில் சுண்ணாம்புத் தெளிவைக் காட்டியது போலிருந்தது. குடித்த பிறகும் அரைமணி நேரம் நாக்கில் செயற்கைத் தித்திப்பு நின்றது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்தான். ஆனாலும் அந்த டிரம்மைத் தேடி எவரும் வருவதாகத் தெரியவில்லை. கலப்படமில்லாத சாற்றைச் சுண்ணாம்பில்லாமல் இறக்கியவருக்கு அச்சம். சாறே இல்லாததைச் சாறு என்று விற்பவருக்கு நிம்மதி. சட்டப்புத்தகத்தில் எழுதியிருப்பது பாதிக் குற்றம். எதைத் துரத்திப் பிடிக்க ஆள் அனுப்புகிறோம் என்பதில்தான் மீதிப் பாதி இருக்கிறது.

மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் வரும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பதன் ஆபத்து 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் தெரிந்தது. மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு சட்டம் திருத்தப்பட்டு, உயிரிழப்பு நேர்ந்தால் ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி செய்யப்பட்டது. அந்தக் கடுமையில் எனக்கு மறுப்பில்லை. மெத்தனால் விற்பது கொலைக்குப் பக்கத்து வீடு. ஆனால் தொழிற்சாலையில் உண்டான நஞ்சும், சுண்ணாம்பு குறைந்துபோன கலயமும் ஒரே சட்டத்தின் இரு பக்கங்களாக நிற்கும்போது, 'மதுவிலக்குக் குற்றம்' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் எழுதப்படும் கணக்கு எதைக் காட்டும் என்பதே விளங்காமல் போகிறது.

புதிய குற்றங்கள் பிறப்பதையும் இந்தத் தேரியிலேயே பார்க்கலாம். முன்பெல்லாம் பனையை வெட்டுவதற்கு உரிமையாளரின் விருப்பம் போதும். செங்கல் சூளைக்கு லாரி லாரியாகப் போயின. மாநிலத்தின் மரமாகிய பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இன் வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்கள். இந்த வரையறையை நான் மனமார ஏற்கிறேன். மரத்தை வெட்டக் கூடாது, அதில் கள்ளும் இறக்கக் கூடாது என்றால் ஏறுபவர் எதற்காக ஏறுவார் என்பதற்கான விடை மட்டும் அந்த அறிக்கையோடு வரவில்லை. இந்தக் கடைக்காரரின் மகன் பனையேறவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

வீட்டுக்கு வாங்கிப் போவோருக்கு ஒரு குறிப்பு. பதநீரைப் புட்டியில் வாங்கி மூடியை இறுக்கித் திருகி, வெயிலில் நின்ற காரில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டை வரை போகாதீர்கள். வடிகட்டித் தெளிந்ததில் சுண்ணாம்பின் காவல் மெல்ல மெல்லத் தளரும்; மாலைக்குள் ஓரத்தில் நுரை கட்டி, மூடியைத் திறந்ததும் சீறினால் அது வேறு பொருள். குற்றத்துக்குச் செயலோடு குற்றமனமும் வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் 'வைத்திருப்பதே குற்றம்' என்று வகுத்த சட்டங்களில் அந்த மனத்தை நிரூபிப்பதைவிட, இல்லையென்று காட்டுவது கடினம். காலையில் பதநீர் வாங்கிய நல்ல மனிதர் சாயங்காலம் எதை வைத்திருக்கிறார் என்ற வழக்கு எந்த நீதிமன்றத்துக்காவது போனால் வாதங்களைக் கேட்க நான் முன்வரிசையில் இருப்பேன். ஐஸ்பெட்டி கொண்டுபோனால் இந்தச் சிக்கல் இல்லை.

மற்றபடி கடையில் குறை என்று சொல்ல இரண்டுதான். குடித்துப் போட்ட பட்டைகள் மரத்தடியில் குவிந்து ஈ மொய்க்கின்றன. ஒரு பழைய டின்னை வைத்தால் போதும். கைகழுவும் தண்ணீர் கேட்டால்தான் கிடைக்கிறது. பட்டை நாற்பது ரூபாய், நுங்கோடு அறுபது. விலைக்குக் குறை சொல்ல மாட்டேன். பனையோலைப் பெட்டியில் கருப்பட்டியும் இருக்கும். சிரட்டை அச்சின் வரி தெரியும்படி, உடைத்தால் உள்ளே கருமை மாறாமல் இருக்கிறது. ஜிபே அட்டை தொங்குகிறது, ஆனால் தேரிக்குள் டவர் கிடைப்பதில்லை. சில்லறை கொண்டுபோவது நல்லது. பத்து மணிக்குமேல் போவதில் பயனில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவதால் கடை திறப்பதில்லை. ஆனால் பாளைக்கு ஞாயிறு கிடையாது என்பதால் அன்றும் அவர் ஏறி இறங்குவார், அன்றைய பதநீர் முழுவதும் விடிலிக் கொப்பரைக்குப் போய்விடும். கருப்பட்டி வேண்டுவோர் திங்கட்கிழமை போகலாம்.